ஏதோ என்றொரு இராகம் இல்லை

இன்று காலை வேலிக்குக் கம்பி கட்டும்போது துருப்பிடித்த ஆணி ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனாலும் ஏற்பு ஊசி போடாமல் விடக்கூடாது என்று சந்தியில் கண்டவர்கள் எல்லாம் சொன்னதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி என் சட்டைக் கையை மடித்துவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தோளடியில் பூசினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும். இரவுக்குக் காய்ச்சல் வந்தாலும் வரும். வீட்டிலை பாக்க ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கினம்," என்றேன்.

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்ததும் வரும். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தபோதும் தோளில் அந்த மணம் இருந்தது. ஒரு காலத்தில் அது உம்முடைய மணம். நான் வாங்கித் தந்த சந்தன சவர்க்காரத்துக்கும் மேலால், தலைக்கு வைத்த எண்ணெய்க்கும் மேலால், அதுதான் உம்மில் மணத்தது. நீர் போய் மூன்று மாரி கழிந்துவிட்டது. உமக்கு எழுத வேண்டும் என்று இவ்வளவு நாளும் தோன்றவில்லை. இன்று அந்த மணத்தோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கரவெட்டிக்காரன். எங்கள் வீட்டில் மாடு கத்தினால் ஏன் என்று போய்ப் பார்ப்போம். அதற்கு மேல் சத்தங்களைப் பற்றி எங்களுக்கு அக்கறை கிடையாது. படித்து, நில அளவைக் கந்தோரில் படவரைஞர் வேலை எடுத்தேன். மெல்லிய கோடு காணியின் எல்லை, இரட்டைக் கோடு றோட்டு, புள்ளிக் கோடு ஒழுங்கை. காலையில் இருந்து மாலை வரைக்கும் கோடு கீறுவதுதான் என் உலகம். கலியாணம் பேசி உங்கள் வீட்டுக்கு வந்தபோது உம்முடைய ஐயா, "பிள்ளை நல்லாய்ப் பாடுவாள்," என்றார். நல்லாய்த் தைப்பாள் என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வேனோ அப்படித்தான் அதையும் கேட்டுக்கொண்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு இணுவிலில் உம்முடைய சீதன வீட்டுக்குக் குடிவந்தேன். பின்வளவில் நாதஸ்வரக்காரர் வீடு. விடியக் காலமை அவர் சாதகம் தொடங்கினால் நான் தலையணையை எடுத்துக் காதை மூடிக்கொள்வேன். நீர் எழுந்து, தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, பின் விறாந்தையில் வேலிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பீர். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தீர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பதிகம் பாடினீர். நான் தூணோடு சாய்ந்திருந்து, முடிந்ததும் "நல்லாயிருந்தது" என்பேன். அதைக் கேட்டதும் உம்முடைய முகம் கொஞ்சம் வாடும். பசியோடு வந்தவன் எந்தச் சோற்றையும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வான் என்பது உமக்குத் தெரியும்.

நீர் என்னை முதன்முதலாகக் கூட்டிப்போன கச்சேரி நினைவிருக்கிறது. பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். இரண்டாவது பாட்டிலேயே நான் நித்திரையாகிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீர் கோபிக்கவில்லை.

"நித்திரையிலும் உங்களுக்குத் தாளம் பிழைக்கேல்லை. தலை சரியாய் ஆடினது," என்றீர். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன்.

இருமல் வந்தது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. முதலில் பனி என்றோம், பிறகு பள்ளிக்கூடத்துச் சோக்குத் தூள் என்றோம். ஒருநாள் நீர் கைலேஞ்சியை என்னிடம் நீட்டினீர். அதில் இரத்தம் இருந்தது.  அடுத்த நாள் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, சயரோகம் என்றார்கள். அந்தக் கிழமையே உம்மை வடகரைக் கடலோரத்து மார்புநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒவ்வொரு நாளும் ஊசி. ஞாயிறுகளில் நான் சைக்கிளில் வருவேன். வெளியே கிடந்த மர வாங்கில் இடைவெளி விட்டு இருந்து கதைப்போம். மாசக்கணக்கில் ஊசி போட்டபிறகு, "காதுக்கை சில்வண்டு கத்துது. நிப்பாட்டுதில்லை," என்றீர். நான் டொக்டரைப் போய்ப் பார்த்தேன். இளம் மனிதர், நல்லவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இந்த மருந்து சில பேரின்ரை காதைத் தாக்கும். நிப்பாட்டினால் நோய் திரும்ப எழும்பும். இப்ப வேறை நல்ல மருந்து என்னட்டை இல்லை. ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்கோ."

உமக்கு முன்னால் வந்து நின்று அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். நீரே கேட்டு வாங்கிவிட்டீர். 

"போடச் சொல்லுங்கோ. பாட்டுப் போனாலும் ஆள் மிஞ்சட்டும். நீங்கள் தனிய இருக்க மாட்டியள்."

அந்தச் சொற்களை இந்த மூன்று வருடமாக நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. அலை வந்து ஆஸ்பத்திரி மதிலில் அடித்து, துமி எங்கள் வாங்கு வரைக்கும் பறந்தது. நான் கொண்டுவந்த இடியப்பப் பெட்டியைத் திறந்தபடி நீர் சொன்னீர்:

"இண்டைக்குக் கடல் சத்தம் போடாமல் கிடக்குது."

நான் உம்முடைய முகத்தைப் பார்த்தேன். நீர் என்னுடைய முகத்தைப் பார்த்தீர். அவ்வளவுதான். பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அலை அடிப்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர். ஆஸ்பத்திரி மணி அடித்தது. நான் எழும்பியபோதுதான் நீரும் எழும்பினீர்.

நோய் மாறி வீட்டுக்கு வந்தீர். ஊர் அதை நம்பவில்லை. படலை வரைக்கும் வந்து சுகம் கேட்டவர்கள், தேத்தண்ணி என்றதும் அவசர வேலை இருக்கிறது என்று போனார்கள். பள்ளிக்கூடத்திலும் திரும்ப எடுக்கவில்லை. காது கேட்காத ஒருவர் சங்கீதம் எப்படிப் படிப்பிப்பது என்று அவர்கள் கேட்டதில் பிழையும் இல்லை. சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றி நீரே அலுமாரிக்கு மேல் வைத்தீர். நான் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதினேன். கொஞ்ச நாளில் என் வாயசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளப் பழகிவிட்டீர். உம்முடைய குரலை அளக்க உமக்கு வழியில்லாததால் சில நேரம் பக்கத்து ஒழுங்கைக்குக் கேட்கும்படி கதைத்தீர், சில நேரம் எனக்கே கேட்காமல் கதைத்தீர். அது தெரிந்ததும் கதைப்பதையே குறைத்துவிட்டீர். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. வீடு முழுக்க விளக்குமாற்றின் சத்தம்தான். அதையும் நான் ஒருவன்தான் கேட்டேன்.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. நீர் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

ஒருநாள் காலை நான் பின் விறாந்தையில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். வேலி அடைத்திருந்த ஓலை இற்றுப்போய், அதனூடாகப் பின்வளவு தெரிந்தது. நாதஸ்வரக்காரர் பாயில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். நீர் கையில் கேத்திலோடு நின்று அவரைப் பார்த்தீர். நெடுநேரம் பார்த்தீர்.

"உவர் என்ன வாசிக்கிறார்?"

"ஏதோ வாசிக்கிறார்," என்றேன், கண்ணாடியைப் பார்த்தபடி. பிறகு நீர் என் வாயைப் பார்க்கவில்லை என்று நினைவு வந்து திரும்பி, இன்னொரு முறை சொன்னேன்.

"ஏதோ எண்டு ஒரு இராகம் இல்லை," என்றீர். கோபம் இல்லாமல்தான் சொன்னீர். கேத்திலைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தீர்.

அன்று கந்தோரில் எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கு இரண்டு காது இருந்தது, இரண்டும் வேலை செய்தது. பத்தடி தூரத்தில் ஒரு மனிதர் வாசித்ததைக் கேட்டு வந்து உம்மிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலமை பென்சிலும் பழைய படத்தாள் ஒன்றும் எடுத்துக்கொண்டு வேலியடியில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்தது கோடு கீறுவது ஒன்றுதான். சத்தம் மேலே போனால் கோட்டை மேலே கொண்டுபோனேன், கீழே வந்தால் கீழே கொண்டுவந்தேன், நின்றால் நேராக இழுத்தேன். தாள் முடியும் வரைக்கும் கீறி, கொண்டுவந்து உமக்கு முன்னால் வைத்தேன். நீர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்.

"இதென்ன?"

"அவர் வாசிச்சது."

"உது இராகமோ, பருத்தித்துறை றோட்டோ?"

கேட்டுவிட்டுச் சிரித்தீர். முருங்கையில் இருந்த காகம் எழும்பிப் பறக்கும்படி பெரிதாகச் சிரித்தீர். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அதுதான் உம்முடைய முதல் சிரிப்பு.

பிறகு தாளைக் கீழே வைக்காமல் கேள்வி கேட்கத் தொடங்கினீர். "மேலை போகேக்கை எல்லாப் படியிலும் கால் வைச்சுப் போகுதோ, படி விட்டுப் பாயுதோ? எந்த இடத்திலை நெடுக நிண்டுது? திரும்பி வரேக்கையும் அதே வழியாலை வந்ததோ?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "நாளைக்குக் கேட்டுச் சொல்லுறன்," என்றேன்.

நாளைக்கும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாளும் தெரியவில்லை. நாதஸ்வரக்காரர் ஒரே இராகத்தைக் கிழமைக்கணக்கில் பிடித்துக்கொண்டு வாசிப்பவர் என்பது என் அதிர்ஷ்டம். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. பிறகு அதில் படிகள் தெரிந்தன. இருட்டறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் மேசையும் கதிரையும் தெரியத் தொடங்குமே, அதுபோல. ஒருநாள் கந்தோருக்குச் சைக்கிள் மிதித்துப் போகும்போது, அந்தப் படிகள் என் காலோடு ஏறி இறங்குவதை உணர்ந்தேன். எங்கே பாய்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. பின்னேரம் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தாமலே சொன்னேன்.

"ரெண்டு இடத்திலை பாயுது. மூண்டு படி ஏறிப் பேந்து ஒரு பாய்ச்சல். இன்னும் ரெண்டு படி, திரும்ப ஒரு பாய்ச்சல்."

நீர் விரல்களை மடித்து எண்ணிப் பார்த்தீர்.

"கேக்க எப்பிடி இருக்கு? அழுகிற மாதிரியோ?"

"இல்லை. காலமை வெயில் முத்தத்திலை விழுகிற மாதிரி."

"மோகனம்," என்றீர்.

நான் வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன். "அண்ணை, காலமை வாசிச்சது என்ன?"

"மோகனம். ஏன், எங்கையும் பிழையோ?" என்றார் அவர்.

நான் திரும்பி ஓடிவந்தேன். நீர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டீர். முப்பத்தைந்து வயது தாண்டிய மனிதன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இராகத்தைக் கேட்டிருந்தேன். அதை எனக்குச் சொல்லித் தந்தது காது கேட்காத என் மனைவி.

அதன்பிறகு நாங்கள் இருவரும் வெளியே போகத் தொடங்கினோம். நான் கேட்டு வந்து சொன்னதற்குக் கைம்மாறாக நீர் எனக்குப் பார்க்கக் காட்டினீர். எங்கள் கந்தசுவாமி கோயில் மஞ்சத்தை, பொம்மைகள் செதுக்கிய அந்தத் தேர்போன்ற மர வாகனத்தை, தைப்பூசத்துக்குச் சனத்தோடு சனமாக நின்று நானும் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். உயரம் எவ்வளவு வரும், அடிச்சட்டம் எத்தனை அடி என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நீர் ஒருநாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து, அது நிற்கும் கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போனீர். ஒரே ஒரு பொம்மையைக் காட்டினீர். மத்தளம் வைத்திருக்கும் மரப் பெண்.

"இவளை மட்டும் பாருங்கோ. மற்றதெல்லாம் பேந்து."

பார்த்தேன். நகை, கொண்டை, மடிப்பு எல்லாம் சொன்னேன். நீர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றீர்.

"கையைப் பாருங்கோ. இன்னும் அடிக்கேல்லை. அடிக்கப் போறாள்."

அப்போதுதான் கண்டேன். வலக்கை விரல்கள் தோலுக்கு மேலே ஒரு நூல் அளவு எழும்பி நின்றன. செதுக்கியவர் அடிக்கு முந்திய கணத்தில் உளியை நிறுத்தியிருக்கிறார். எனக்குக் காதுக்குள் அந்த அடி விழுந்துவிடும்போல இருந்தது. உமக்கும் அப்படி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. உம்முடைய முகத்தில் அது இருந்தது.

ஆட்டம் பார்க்கவும் போனோம். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் பிள்ளைகள் ஆடுவார்கள். நீர் என் முழங்கையில் தட்டி, "கால் பிந்துது" என்பீர். நட்டுவனார் தட்டும் தாளத்தைக் கவனித்துக் கேட்டால், ஓம், கால் பிந்தும். பாட்டில் எங்கே குழைவு, எங்கே நிறுத்தம் என்று நான் உம்முடைய உள்ளங்கையில் விரலால் கீறுவேன். நீர் பிள்ளையின் கண்ணையும் கழுத்தையும் பார்த்து, பாட்டும் அவளும் ஒத்துப் போகிறார்களா என்று சொல்வீர். உமக்குப் பாதி, எனக்குப் பாதி. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எங்களுக்கு ஒரு ஆட்டம் முழுதாக வந்தது. பின்னுக்கு இருந்தவர்கள் இந்தப் புருசனும் பெண்சாதியும் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து நெளிந்தார்கள். நாங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. என் தலை நரைத்தது. உம்முடைய நெஞ்சு மட்டும் ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீர் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த சுருதிப் பெட்டியை எடுத்தீர். துணியை அவிழ்த்துத் தூசி தட்டி, மேசையில் வைத்தீர்.

"ஒரு பதிகம் பாடப் போறன். கேட்டுச் சொல்லுங்கோ."

நான் பெட்டியின் துருத்தியை அமுக்கினேன். நீர் உள்ளங்கையைப் பெட்டியின் மரத்தில் வைத்து, அது அதிர்வதைக் கையால் வாங்கிக்கொண்டு பாடத் தொடங்கினீர். முன்பு வெள்ளிக்கிழமைகளில் பாடிய அதே பதிகம். முதல் வரி பெட்டியோடு ஒட்டி நின்றது. இரண்டாவதும் நின்றது.  மூன்றாவது வரியில் குரல் மெல்ல நழுவியது. நீர் அறியவில்லை. நழுவிய இடத்திலிருந்தே அடுத்த வரியை எடுத்தீர். அது இன்னும் கீழே போனது. கண்ணை மூடிக்கொண்டு, முகம் முழுக்க நிறைவோடு, பெட்டியை விட்டு விலகி எங்கோ தனியே பாடிக்கொண்டு போனீர்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தீர். "எப்பிடி?"

பத்து வருடத்துக்கு முந்திய நான் என்றால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்திருக்காது. நல்லாயிருந்தது என்றிருப்பேன், அது என் உண்மையாகவும் இருந்திருக்கும். இப்போது எனக்குக் கேட்கிறது. கேட்க வைத்தவர் நீர். உமக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்காதவன்போல நடிக்க என்னால் முடியவில்லை. சிலேட்டை எடுத்தேன், கீழே வைத்தேன். நீர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

"மூண்டாம் வரியிலை இறங்கிப் போச்சு," என்றேன். "பேந்து ஏறேல்லை."

நீர் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தீர். முற்றத்தைப் பார்த்தபடி இருந்தீர். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"முந்தியெண்டால் நல்லாயிருக்கெண்டு சொல்லியிருப்பியள்."

"ஓம்."

"அது பொய்யாயும் இருந்திராது."

"ஓம்."

 பெட்டியின் துருத்தி தானாக இறங்கி ஓய்ந்தது.

"நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை," என்றீர், "இனி நான் பாடினால் சரி பிழை சொல்ல ஒருத்தரும் இல்லையெண்டுதான் அழுதனான். சனம் பாவம் பாத்து நல்லாயிருக்கு எண்டு சொல்லும். அதைத்தான் என்னாலை தாங்கேலாது எண்டு நினைச்சனான்." பிறகு மூக்கைச் சீறிவிட்டு, "இறங்கினால் கையை மேலை தூக்குங்கோ. ஏறினால் பதியுங்கோ. திரும்பப் பாடுறன்," என்றீர்.

அன்றைக்கு மாலை முழுதும் அந்த மூன்றாம் வரியைப் பாடினோம். நான் மேசைக்கு எதிரில் இருந்து, ஒரு கையால் துருத்தியை அமுக்கி, மற்றக் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினேன். உம்முடைய கண் என் கையை விட்டு அசையவில்லை. குரல் தடுமாறி, ஏறி, கொஞ்சம் கூடிப்போய், இறங்கி, ஒரு தரம் சரியாகப் போய்ப் பெட்டியின் சத்தத்துக்குள் உட்கார்ந்தது. நான் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அது எவ்வளவு நேரம் நின்றதோ, அவ்வளவு நேரமும் நான் மூச்சு விடவில்லை.

ஒவ்வொரு மாலையும் அதுவே எங்கள் வேலையாகிவிட்டது. பின்வளவு நாதஸ்வரக்காரர் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் படலையடியில் வந்து நின்று, "தங்கச்சியைக் கோயிலிலை வெள்ளிக்கிழமை பாடச் சொல்லுங்கோவன்," என்றார். நீர் முதலில் மாட்டேன் என்றீர். இரண்டு கிழமை யோசித்தீர். பிறகு பட்டுச்சீலையை எடுத்து வெயிலில் போட்டீர்.

அந்த வெள்ளிக்கிழமை நீர் மண்டபத்தில் இருக்க, நான் உமக்கு நேர் எதிரே, சனத்தின் முன் வரிசையில் இருந்தேன். கையை முழங்காலில் வைத்து, விரலை மட்டும் அசைத்தேன். இரண்டு இடத்தில் நழுவினீர். இரண்டு இடத்திலும் திரும்பி ஏறினீர். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வெங்காய விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு வீதியில் நடக்கும்போது கேட்டீர்:

"சனம் கதைச்சினமோ?"

"கதைச்சினம்."

"அப்ப ஒண்டும் மாறேல்லை," என்று சொல்லிவிட்டுச் சந்தோசமாக நடந்தீர். அன்றைக்குப்போல நீர் நடந்து நான் கண்டதில்லை. வீடு வரைக்கும் எனக்கு முன்னால் போனீர்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான். கடைசி மாரியில் நெஞ்சு முற்றாகக் கைவிட்டது. பாட மூச்சு இல்லை. தகரத்தில் மழை விழும்போது, "எப்பிடிப் பெய்யுது?" என்று உதட்டால் மட்டும் கேட்டீர். நான் உம்முடைய உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினேன். சிலநேரம் துரிதமாக, சிலநேரம் ஓய்ந்து ஓய்ந்து. ஒரு பின்னேரம் நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே உம்முடைய கை கனத்துப் போனது. நான் நிறுத்தவில்லை. மழையும் நிற்கவில்லை. ஆட்கள் வந்து என் தோளைப் பிடிக்கும் வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தேன்.

நீர் இல்லாத முதல் இரண்டு வருடமும் நான் எதையும் கேட்கப் போகவில்லை. போகாவிட்டாலும் கேட்டது. அதுதான் பெரிய தொல்லை. பஸ்ஸில் பாட்டுப் போட்டால் இராகம் தெரிகிறது. கலியாண வீட்டில் தவில் பிந்தினால் தெரிகிறது. தெரிந்ததும் சொல்ல வாய் திறக்கிறது. பக்கத்தில் இருப்பவர் என்னவென்று பார்ப்பார். ஒன்றுமில்லை என்பேன். நித்திரை கொள்ளத் தெரிந்த மனிதனாக என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்கு ஆளில்லை. கேட்கத் தெரிந்தவனாக்கிவிட்டுப் போய்விட்டீர். சில நாட்களில் அது உம்மோடு கோபமாகக்கூட வந்திருக்கிறது.

போன மாதம் பட்டணத்துக்கு ஒரு அலுவலாகப் போனேன். ஒரு பள்ளிக்கூட வாசலில் சித்திரக் கண்காட்சி என்று துணி கட்டியிருந்தார்கள். சித்திர ஆசிரியர்கள் கீறியவையாம். இசை என்றால் எனக்கு வழி தெரியும். படம் உம்முடைய பக்கம். நீர் இல்லாமல் அதற்குள் போய் என்ன செய்வது என்று தாண்டி நடந்தேன். பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

உள்ளே நாலைந்து பேர்தான். படங்கள் நிறைய. பார்ப்பதற்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தொண்டைமானாற்றுக் கழிமுகம், நீர்வர்ணத்தில். கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளம், நட்டிருக்கும் இரண்டு தடி, அவ்வளவுதான். ஆளே இல்லை. முதலில் என் கண் பழைய வேலையைத்தான் பார்த்தது. வள்ளத்தின் முன்மூக்கான அணியம் நீளம் கூடிவிட்டது, எதிர்க்கரை கிட்ட வந்துவிட்டது என்று கணக்கெடுத்தது. எடுத்து முடியட்டும் என்று விட்டுவிட்டு நின்றேன். கால் உளைந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். பிறகு தண்ணீர் இருந்த இடத்தில் நிறமே இல்லை என்பதைக் கண்டேன். அந்த மனிதர் வெறும் தாளை அப்படியே விட்டிருக்கிறார். சுற்றிலும் கரையையும் நிழலையும் கீறிவிட்டு, வெளிச்சம் படுகிற இடத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார். அது தெரிந்ததும் தடிகளின் நிழல் ஒரு பக்கம் நெளிவது தெரிந்தது. காற்று கடல் பக்கத்திலிருந்து வருகிறது. வள்ளத்துக்காரர் வீட்டுக்குப் போய் அதிக நேரமில்லை, மணலில் இழுத்த தடம் இன்னும் ஈரமாக இருக்கிறது. இதெல்லாம் நானாகக் கண்டேன். ஒருவரும் காட்டவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில் வாங்குகள்தான் இருந்தன.

காவல்காரர் யன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். எனக்குப் பக்கத்து யன்னலுக்கு வந்ததும் நின்றார்.

"ஐயா, பூட்டப் போறன்."

"ஓம். கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் பாத்து முடியேல்லை."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாத்திய யன்னலைத் திரும்பத் திறந்து வெளிச்சம் விட்டுவிட்டு, வாசலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.